ஒதுங்கி நிற்பவர் எந்தக் கணக்கில்? நிகழாத விபத்துகளை எண்ணிய வரலாறு

திருவனந்தபுரம் மாவட்டத்தில் நெடுமங்காடு, விதுரை வழியாக அகத்தியமலை அடிவாரத்துக்கு ஏறும் சாலை போனக்காட்டில் முடிகிறது. பெயரைக் கேட்பவர் அதனைக் காடு என்றே கொள்வர். தோட்டத்தின் ஆங்கிலப் பெயரோ போன் அக்கார்டு. நல்லிணக்கம் என்று பொருள்படும் அத்தொடர் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்துக்குக் குறிக்கோள் வாசகமாகவும் உள்ளது. வெள்ளையர் தொடங்கிய இத்தேயிலைத் தோட்டத்தில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்தன; தோட்டம் முடங்கிய பின்னும் லயங்களில் எஞ்சியோர் உண்டு. வளைவுகள் மிகுந்த அந்த ஒடுங்கிய சாலையில் நடைபாதை என்று ஒன்று கிடையாது. பேருந்தோ ஜீப்போ வளைவுக்கு முன் ஹார்ன் அடிக்கும். நடந்து வருபவர் சரிவை ஒட்டி ஒதுங்கி நிற்பார். வண்டி கடந்ததும் மீண்டும் சாலையில் இறங்கி நடப்பார். ஓட்டுநர் பிரேக்கைத் தொட வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. மலைச்சாலைகளில் நாள்தோறும் நிகழும் இதனை யாரும் ஒரு நிகழ்ச்சியாகக் கருதுவதில்லை.

நிகழ்ச்சியாகக் கருதப்படாதவற்றை எண்ணுவதற்கென்றே ஓர் ஆய்வுத்துறை ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக இயங்கி வருகிறது. ஆங்கிலத்தில் டிராஃபிக் கான்ஃபிளிக்ட் எனப்படும் கருத்தாக்கம் அதன் அடிப்படை. ஓட்டுநரில்லா வாகனங்கள் நடப்பவர்க்குத் தீங்கற்றவையா என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பின் கணிசமான பகுதி இன்று அந்தப் புள்ளியியலின் மீது வந்து விழுந்திருக்கிறது. போனக்காட்டுச் சாலையில் ஒதுங்கி நிற்பவரை அப்புள்ளியியல் எந்தக் கட்டத்தில் எழுதும் என்பதை அறிய அதன் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் சொல் பற்றி. தமிழில் 'மோதல்' என்பது இரு வண்டிகள் இடித்துக்கொள்வதையும் குறிக்கும், இரு தரப்பினர் பிணங்குவதையும் குறிக்கும். இத்துறையோ அவ்விரண்டையும் பிரித்து வைப்பதிலேயே பிறந்தது. இடித்தல் நிகழ்ந்துவிட்டால் அது விபத்துப் பதிவேட்டுக்குப் போய்விடும். இடிக்கவிருந்து இடிக்காமல் போனதே இங்கு ஆய்வுப்பொருள். ஆகவே இக்கட்டுரையில் முன்னது மோதல் என்றும் பின்னது முரண்நிலை என்றும் வழங்கப்படுகின்றன.

தப்பியவற்றை எண்ணினால் தப்பாதவற்றை முன்னறியலாம் என்ற எண்ணம் தொழிற்சாலையிலிருந்து வந்தது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமொன்றில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹைன்ரிக் 1931இல் வெளியிட்ட நூலில், ஒரு பெருங்காயத்துக்கு 29 சிறுகாயங்களும் காயமே விளையாத 300 நிகழ்வுகளும் உண்டு என்றொரு விகிதத்தை முன்வைத்தார. அந்த விகிதம் பின்னாளில் கடும் விமரிசனத்துக்கு உள்ளானது. ஆயினும் அடியில் அகன்று உச்சியில் கூரிய பிரமிடு என்னும் படிமம் மட்டும் அழியவில்லை. சாலைப் பாதுகாப்பு ஆய்வு அந்தப் படிமத்தை அப்படியே எடுத்துக்கொண்டது.

சாலைக்கு அதனைக் கொண்டுவந்தது ஒரு கார் நிறுவனம். ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த பெர்க்கின்ஸ், ஹாரிஸ் ஆகியோர் 1967, 1968 ஆண்டுகளில் சந்திப்புகளில் முரண்நிலைகளை எண்ணும் முறையை வகுத்தனர். தம் நிறுவனத்து வண்டிகள் பிற வண்டிகளினின்று வேறுபட்ட முறையில் இயங்குகின்றனவா என்று காண்பதே தொடக்க நோக்கம். அவர்கள் வைத்த அளவுகோல் மிக எளியது: பிரேக் விளக்கு எரிந்தாலோ வண்டி திடீரென விலகினாலோ அது முரண்நிலை. சாலையோரம் அமர்ந்திருக்கும் எவரும் பென்சிலும் தாளும் கொண்டு எண்ணிவிடலாம். விபத்துகள் குவியும் வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலை நீங்கியது. சிலர் சாகும் வரை காத்திருந்து பின் சந்திப்பைத் திருத்துவதைவிட இது அறம் சார்ந்ததும் கூட. இந்த முறையின் பெருமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் முதல் அளவுகோல் ஒரு விளக்கு என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்விளக்கு வண்டியின் பின்புறத்தில் இருக்கிறது. நடப்பவர்க்குப் பிரேக் விளக்கு இல்லை.

1977இல் ஆஸ்லோவில் கூடிய பயிலரங்கு, நாட்டுக்கு நாடு வேறுபட்டுக் கிடந்த அளவுகோல்களுக்குப் பொதுவான ஒரு வரையறையைத் தந்தது. நார்வேயின் ஆமுண்ட்சென், ஸ்வீடனின் ஹிடேன் ஆகியோர் பெயரால் வழங்கும் அவ்வரையறையின் சாரம் இது: சாலையைப் பயன்படுத்துவோர் இருவரோ பலரோ, இடத்தாலும் காலத்தாலும் ஒருவரையொருவர் நெருங்கி, தம் இயக்கத்தை மாற்றாதிருந்தால் மோதும் இடர் உண்டாகும் அளவுக்கு வரும், கண்ணால் காணத்தக்க சூழலே முரண்நிலை. வண்டி என்ற சொல் நீங்கி 'சாலையைப் பயன்படுத்துவோர்' என்ற சொல் வந்ததால் நடப்பவர் வரையறைக்குள் நுழைந்தார். அது சிறு மாற்றமன்று.

இலக்கணம் பயின்றவரை இவ்வரையறையில் நிறுத்துவது அதன் நிபந்தனைத் தொடர். 'மாற்றாதிருந்தால்' என்பது நிகழாத ஒன்றின் மேல் கட்டப்பட்டது. ஏனெனில் மாற்றினார்கள், அதனால்தான் மோதல் இல்லை. நிகழாத நிபந்தனையை 'கண்ணால் காணத்தக்க' என்னும் பெயரடை வந்து தாங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள இழுபறியே அடுத்த நாற்பது ஆண்டு ஆய்வை நடத்தியது எனலாம். மாற்றியது யார், எப்போது மாற்றினார், அந்த மாற்றம் யார் கண்ணுக்குத் தெரிந்தது என்ற மூன்று கேள்விகளும் அந்த ஒரு தொடருக்குள் அடங்கியிருக்கின்றன.

கேள்விகளுக்கு விடையாக வந்தவை கால அளவுகள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹேவர்ட் 1972இல் முன்வைத்த 'மோதலுக்கு எஞ்சிய நேரம்' என்பது, இருவரும் அதே வேகத்தில் அதே வழியில் தொடர்ந்தால் எத்தனை வினாடியில் இடித்துக்கொள்வர் என்பதைச் சொல்கிறது. 1978இல் ஆலன், ஷின், கூப்பர் ஆகியோர் முன்வைத்த மற்றோர் அளவு, ஒருவர் ஓரிடத்தை விட்டு நீங்கியதற்கும் மற்றவர் அதே இடத்தை அடைந்ததற்கும் உள்ள இடைவெளியை அளக்கிறது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஹிடேன் வளர்த்தெடுத்த முறையில், தப்பும் செயல் தொடங்கிய கணத்தில் எஞ்சியிருந்த நேரம் கணக்கிடப்பட்டது. தொடக்கத்தில் 1.5 வினாடி என்ற ஒரே எல்லை இருந்தது. 1987இல் வெளிவந்த அவரது ஆய்வேட்டில் வேகத்துக்கேற்ப எல்லை மாறியது. பயிற்சி பெற்ற நோக்கர்கள் வேகத்தையும் தொலைவையும் கண்ணாலேயே மதிப்பிட்டனர். நடப்பவர் திடுக்கிட்டு நின்றாலும் ஓடினாலும் லுண்ட் முறை அதனைத் தப்பும் செயலாக ஏற்றது. 1983இல் பல நாட்டுக் குழுக்கள் மால்மோ நகரில் கூடி, ஒரே சந்திப்புகளை ஒரே நேரத்தில் நோக்கித் தம் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தன. இக்குழுக்களின் பன்னாட்டு அமைப்பு பிற்காலத்தில் தன் சுருக்கப்பெயரின் எழுத்துகளை வைத்துக்கொண்டே விரிவை மாற்றிக்கொண்டது. 'முரண்நிலை நுட்பங்கள்' இருந்த இடத்தில் 'கோட்பாடுகளும் கருத்தாக்கங்களும்' வந்தமர்ந்தன. பெயர் மாற்றங்களில் ஒரு துறையின் மனமாற்றம் தெரியும்.

மாற்றத்துக்குக் காரணம் இருந்தது. முரண்நிலைகளின் எண்ணிக்கை உண்மையில் மோதல்களை முன்னறிவிக்கிறதா என்ற ஐயம் எண்பதுகள் முழுவதும் துறையை வாட்டியது. எஸ்ரா ஹவுவர் போன்றோர் அந்த வாதத்தைத் தெளிவாக்கினர்: முரண்நிலைக்கும் மோதலுக்கும் இடையே நிலையான விகிதம் இருந்தால்தான் ஒன்றை எண்ணி மற்றதைச் சொல்ல முடியும். 2006இல் சோங்சித்ருக்சா, டார்கோ ஆகியோர் வெள்ளத்தையும் கடல் அலையையும் மதிப்பிடப் பயன்பட்ட உச்ச மதிப்புக் கோட்பாட்டைச் சாலைச் சந்திப்புக்குப் பொருத்தினர். நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தை முப்பது ஆண்டுப் பதிவிலிருந்து மதிப்பிடும் அணைப் பொறியாளரைப்போல, சில நாள் காணொளியிலிருந்து பல ஆண்டுக்கு ஒருமுறை நிகழும் மோதலை மதிப்பிட முடியும் என்றாயிற்று. கணிதம் வலுப்பெற்றது. அளக்கப்படும் பொருள் மட்டும் மாறவில்லை.

ஓட்டுநரில்லா வாகனம் இந்தப் புள்ளியியலை நாடி வந்தது வேறு வழியின்மையால். ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் கால்ரா, பேடக் ஆகியோர் 2016இல் வெளியிட்ட கணக்கு புகழ்பெற்றது. அமெரிக்கச் சாலைகளில் மனித ஓட்டுநரின் உயிரிழப்பு விகிதத்துக்கு நிகரானது என்று 95 விழுக்காட்டு உறுதியுடன் நிறுவ, ஒரு வாகன வகை உயிரிழப்பே இன்றி 27.5 கோடி மைல், அதாவது ஏறத்தாழ 44 கோடி கிலோமீட்டர் ஓட வேண்டும். 100 வாகனங்கள் இரவு பகலாக மணிக்கு 25 மைல் வேகத்தில் ஓடினாலும் அதற்குப் பன்னிரண்டரை ஆண்டுகள் ஆகும். அதற்குள் மென்பொருள் எத்தனையோ முறை மாறியிருக்கும். ஆகவே மோதல்களுக்குக் காத்திராமல் முரண்நிலைகளை எண்ணுவது என்று 1967இன் தீர்வு திரும்பி வந்தது. இம்முறை சாலையோரத்துப் பென்சிலுக்குப் பதில் வாகனத்தின் உணரிகளே எண்ணுகின்றன. எண்ணப்படுபவரே எண்ணுபவராகவும் ஆகிவிட்ட விந்தை இது.

2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு அகன்ற சாலையைக் கடந்த 49 வயதுப் பெண்மணி ஊபர் நிறுவனத்தின் சோதனை வாகனம் மோதி உயிரிழந்தார். இருக்கையில் இருந்த கண்காணிப்பாளரின் பார்வை சாலையில் இல்லை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019 நவம்பரில் முடித்த விசாரணையின் விவரங்கள் இவ்வரலாற்றில் ஊன்றிப் படிக்கத்தக்கவை. மோதலுக்கு 5.6 வினாடி முன்பே உணரிகள் அவரைக் கண்டுவிட்டன. ஆனால் கண்டதற்கு என்ன பெயர் வைப்பது என்பதில் மென்பொருள் தடுமாறியது: வாகனம் என்றது, இனம் தெரியாப் பொருள் என்றது, மிதிவண்டி என்றது. ஒவ்வொரு முறை பெயர் மாறியபோதும், அப்பொருள் அதுவரை கடந்து வந்த பாதை பற்றிய பதிவு கைவிடப்பட்டது. கணந்தோறும் அவர் புதிதாகத் தோன்றியவராகவே கருதப்பட்டார். 1.2 வினாடி எஞ்சியபோது இடர் உணரப்பட்டது. பொய் எச்சரிக்கைகளைத் தவிர்க்க வைத்திருந்த ஒரு வினாடித் தாமதம் எஞ்சியதையும் தின்றது.

பெயரிடல் பிழைத்தால் வரலாறு அழிகிறது என்பது மொழியியல் மாணவர்க்கு உவமையாகத் தெரிந்திருக்கும். இங்கே அது பொறியமைப்பின் நேர்ச்செயல். வாரியம் மற்றொன்றையும் குறித்தது: சாலையைக் கடக்குமிடம் அல்லாத இடத்தில் கடக்கும் நடப்பவர் என்ற வாய்ப்பு அம்மென்பொருளின் வடிவமைப்பில் இடம்பெறவே இல்லை. அத்தகையோர்க்கு அமெரிக்க ஆங்கிலம் வழங்கும் சொல் ஜேவாக்கர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'ஜே' என்பது பட்டிக்காட்டான் என்று பொருள்படும் வசை. நகரச் சாலையில் நடக்கத் தெரியாதவன் என்ற ஏளனமாகப் பிறந்த அச்சொல்லை, 1920களில் மோட்டார் வாகனத் தரப்பினர் எவ்வாறு பரப்பிச் சட்டமாக்கினர் என்பதைப் பீட்டர் நார்ட்டன் என்னும் வரலாற்றாசிரியர் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஒரு நூற்றாண்டுக்கு முன் வசையாகத் தொடங்கியது, மென்பொருளில் இல்லாத ஒரு வகையாக வந்து முடிந்தது.

முரண்நிலைக் கணக்கின்படி டெம்பியின் அந்த 5.6 வினாடி ஆபத்தே இல்லாத நேரம். ஒன்றரை, இரண்டு என்ற வழக்கமான எல்லைகளுக்கு அது வெகு அப்பால் உள்ளது. 2023 அக்டோபர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நிகழ்ந்தது இன்னும் வேறு வகை. மனிதர் ஓட்டிய கார் ஒன்று மோதித் தூக்கியெறிந்த பெண், க்ரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரில்லாக் காரின் முன் விழுந்தார்; அது மோதி நின்றது; பின் ஓரங்கட்டும் பொருட்டு அவரை ஏறத்தாழ 20 அடி இழுத்துச் சென்றது. மோதலுக்குப் பிந்தைய அச்செயலுக்கு முரண்நிலைப் புள்ளியியலில் கட்டமே கிடையாது. மறுபுறம், வேமோ நிறுவன ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட கட்டுரை, நான்கு அமெரிக்க நகரங்களில் 5.67 கோடி மைல் ஓட்டத்தில், நடப்பவர் காயமுற்ற மோதல்கள் மனித ஓட்டுநர்களுக்கான ஒப்பீட்டளவைவிட 92 விழுக்காடு குறைவு என்கிறது. நிறுவனத்தின் சொந்த ஆய்வு என்பதற்காக மட்டும் அதனை ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. அது நிகழ்ந்த மோதல்களை எண்ணியது. ஆனால் அந்நகரங்களில் நடைபாதையும் கடவையும் சைகை விளக்கும் உண்டு என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்தியாவுக்கு இக்கணக்கைக் கொண்டுவரும்போது என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய விடை உண்டு. தில்லி ஐஐடியின் கீதம் திவாரி, தினேஷ் மோகன் ஆகியோர் ஃபாசியோ என்பவருடன் இணைந்து 1998இல் வெளியிட்ட ஆய்வு, தில்லிச் சாலைகளில் 14 இடங்களில் முரண்நிலைகளை எண்ணி, உயிரிழப்பு மோதல்களுடன் ஒப்பிட்டது. வலுவான தொடர்பு தென்படவில்லை. மாட்டுவண்டி, மிதிவண்டி, ரிக்‌ஷா, பேருந்து, நடப்பவர் எல்லோரும் ஒரே பரப்பைப் பகிரும் சாலையில் நெருங்குவதும் விலகுவதும் பகல் முழுவதும் நடக்கும் உரையாடல். அதில் பெரும்பகுதி இடரின் அறிகுறியன்று. உயிரைக் கொல்லும் மோதலோ வெறிச்சோடிய நேரத்தில், கூடிய வேகத்தில், முன்னறிவிப்பின்றி வரக்கூடியது. பிரமிடின் அடித்தளமும் உச்சியும் வெவ்வேறு கட்டடங்களைச் சேர்ந்தவையாக இருக்கக்கூடும்.

மத்திய அரசின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர்; அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். காவல்துறைப் பதிவிலிருந்து எழும் இந்த விகிதம் மெய்ந்நிலையைவிடக் குறைவு என்று தில்லி ஐஐடி ஆய்வாளர் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். இறந்தவரே சரிவர வகைப்படாத நாட்டில் தப்பியவரை யார் வகைப்படுத்துவது?

இங்கேதான் 'ஒதுங்குதல்' என்ற சொல்லுக்குத் திரும்ப வேண்டும். ஆங்கிலச் சாலை விதிகளில் வழிவிடுதல் என்பது முன்னுரிமை பற்றிய ஒரு கணம். விட்டவரும் பெற்றவரும் இடம் மாறிக்கொள்ளலாம். தமிழில் ஒதுங்குதல் ஒரு நிலையும் கூட. ஒதுங்கி வாழ்பவர் உண்டு, ஒதுக்கப்பட்டவர் உண்டு, ஒதுக்குப்புறம் உண்டு. பழைய திருவிதாங்கூரில் சாலையில் எவர் எவரைக் கண்டு எத்தனை அடி விலக வேண்டும் என்பது சாதியால் வரையறுக்கப்பட்டிருந்தது. 1893இல் அய்யன்காளி வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் சென்றது இதே மாவட்டத்தில்தான். 1924இல் வைக்கத்தில் போராட்டம் தொடங்கியது கோயிலுக்குள் நுழைவதற்காக அன்று. கோயிலைச் சூழ்ந்த சாலைகளில் நடப்பதற்காக. அந்த ஒதுங்கலையும் ஹார்னுக்கு ஒதுங்குவதையும் ஒன்றாக்கிவிட முடியாது, அது மிகையாகும். ஆனால் மோதலின்றி அமைதியாக இருந்த சாலை பாதுகாப்பான சாலை என்ற முடிவு திருவிதாங்கூர் வரலாறு தெரிந்தவர்க்கு எளிதில் ஒப்பாது. எவரும் மோதிக்கொள்ளாததற்குக் காரணம், ஒருவர் எப்போதுமே முன்கூட்டி விலகிவிட்டார் என்பதாக இருக்கலாம்.

ஓட்டுநரில்லா வாகனங்களை இந்தியாவில் அனுமதிப்பதில்லை என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017இல் அறிவித்தார். வேலை இழப்பே அவர் சொன்ன காரணம். வாகனம் வராவிட்டாலும் அதற்கான உழைப்பு வந்துவிட்டது. 2018இல் நிசான் நிறுவனம் தன் எண்ம மையத்தைத் திருவனந்தபுரத்தில் அமைக்க முன்வந்தது. அதே ஆண்டில் ஹைதராபாத் ஐஐஐடியும் இன்டெல்லும் சேர்ந்து இந்தியச் சாலைகளின் முதல் பெரிய தரவுத்தொகுப்புகளில் ஒன்றை வெளியிட்டன: பெங்களூர், ஹைதராபாத் சாலைகளில் 182 ஓட்டங்களில் எடுத்த ஏறத்தாழ 10,000 படங்கள், 34 வகைப்பெயர்கள். ஆட்டோரிக்‌ஷாவுக்கும் விலங்குக்கும் தனிப்பெயர் தந்தது அதன் சிறப்பு. சாலையை ஒட்டிய மண்பரப்புக்கும் அது ஒரு வகை தந்தது. சாலை அன்று, ஆயினும் தேவை நேர்ந்தால் வண்டி செல்லத்தக்கது என்பது அவ்வகையின் பொருள். ஐரோப்பிய நகரத் தொகுப்புகளில் காணாத இந்தியத் தன்மையைப் பிடிக்கும் நல்ல முயற்சி அது. அந்த மண்பரப்பை நடப்பவரின் பக்கத்திலிருந்து பெயரிட்டிருந்தால் வேறு பெயர் வந்திருக்கும். இந்தியாவின் மிகப் பெரும்பாலான சாலைகளில் மனிதர் நடப்பது அதில்தான், ஒதுங்குவதும் அதில்தான்.

முறையைத் திருத்தும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் தாரிக் சையத் குழுவினர், நடப்பவரின் அடி நீளமும் அடியெடுக்கும் விரைவும் மாறும் கணத்தைக் காணொளியிலிருந்து கணித்து, அதனையே தப்பும் செயலின் அடையாளமாகக் கொண்டனர். தில்லி, ஷாங்காய் போன்ற நகரங்களையும் சேர்த்து ஒப்பிட்டபோது, வண்டிகளும் மனிதரும் கலந்து செல்லும் இடங்களில் எஞ்சிய நேரத்தைவிட இவ்வளவே இடரை நன்கு காட்டியது. நடப்பவர்க்கும் ஒரு பிரேக் விளக்கு கிடைத்தது எனலாம். பென்சில் காலத்தில் தொடங்கியதற்கு ஐம்பது ஆண்டு தாமதமாக வந்த திருத்தம் இது.

இத்திருத்தத்துக்கும் அடியெடுப்பு மாறும் கணம் படத்தில் விழ வேண்டும். போனக்காட்டுச் சாலையில் அது விழாது. ஹார்ன் கேட்டதும் அடி மாறிவிடுகிறது. வண்டி அப்போது வளைவுக்கு அப்பால் இருக்கிறது. வளைவைத் திரும்பியதும் வண்டியின் கேமரா காண்பது, சரிவோரம் அசையாமல் நிற்கும் ஒருவரை. அவருடைய வேகம் சுழியம், பாதை குறுக்கிடவில்லை, மோதலுக்கு எஞ்சிய நேரம் என்று கணக்கிட எதுவுமில்லை.